பனி விழுந்த காலையில் யார் வீட்டில் இருப்பது?

2014 ஜனவரி. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் எனக்கு முதல் குளிர்காலம். அதிகாலை 5.20க்கு போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் மனசு போகும். பதறி எடுத்தால் பதிவு செய்யப்பட்ட ஒரு குரல்: இன்று பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அந்த எண்ணை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோ. பள்ளியின் பட்டியலில் எண் அப்படியே கிடக்கிறது. திட்டிக்கொண்டே திரும்பப் படுத்தேன். 6.40க்கு மறுபடி அதே குரல்: தாமதம் இல்லை, இன்று முழு விடுமுறை.

படுக்கையில் இருந்தவரை எனக்கு இது வேடிக்கை. ஒன்பது மணி மீட்டிங்கில் எட்டுப் பேரில் மூன்று பேர் இல்லை. எங்கள் டீம் லீட் போனில் மட்டும் வந்தார், பின்னால் கார்ட்டூன் சத்தம். அவருடைய கணவர் பள்ளி ஆசிரியர். கணவர் வேலை பார்க்கும் பள்ளி பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. அங்கே இரண்டு மணி நேரத் தாமதம் மட்டும்தான், அவர் கிளம்பிப் போய்விட்டார். பிள்ளைகள் படிப்பது எனக்கு போன் வந்த மாவட்டத்தில். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அந்தக் காலையில் அது நடப்பதாகத் தெரியவில்லை. ஊரார் பிள்ளைக்குப் பாடம் எடுக்க ஒருத்தர் போய்விட்டார், தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தர் ம்யூட் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தார்.

நம்மூரில் மழை லீவு என்றால் கலெக்டர் அறிவிப்பார், டிவியில் கீழே எழுத்து ஓடும், மாவட்டம் முழுக்க ஒரே முடிவு. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பதே வேறு சங்கதி. தனி வாரியம், தனி வரி, தனிக் கண்காணிப்பாளர் என்று நாடு முழுக்க ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் விடிவதற்கு முன் காரை எடுத்துக்கொண்டு சாலையை ஓட்டிப் பார்க்கிறார், பஸ் டிப்போவில் டீசல் உறையாமல் இருக்கிறதா என்று கேட்கிறார், பக்கத்து மாவட்டக்காரருக்கு போன் போடுகிறார், முடிவெடுக்கிறார். அந்த ஒரு முடிவு எத்தனை வீட்டின் அன்றைய நாளைக் கலைத்துப் போடுகிறது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. பனி எப்போதும் விழுந்திருக்கிறது. அது இப்படி ஒரு பிரச்சினையாக எப்போது ஆனது?

*

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. நெப்ராஸ்கா, டகோட்டா, மினசோட்டா சமவெளிகளில் கடுங்குளிருக்குப் பிறகு பொழுது இதமாக விடிந்தது. கனத்த கோட்டு இல்லாமலே பல பிள்ளைகள் பள்ளிக்கு ஓடினார்கள், அப்பாக்கள் மாடுகளை வெளியே ஓட்டிப்போனார்கள். பிறகு வடமேற்கிலிருந்து புயல் வந்தது. மாவு போன்ற பனி, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத வெள்ளை. அப்போது வானிலை கணிப்பு ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவு வசம் இருந்தது, தந்திக் கம்பி எட்டாத பண்ணைவெளிகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இறந்தவர்கள் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்த பிள்ளைகள் அதில் பலர். அதனாலேயே பள்ளிக்கூடப் பனிப்புயல் என்று அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

அந்தப் பள்ளிகள் எல்லாம் ஒற்றை அறை, ஓராசிரியர் பள்ளிகள். ஆசிரியர் என்றால் பெரும்பாலும் பதின்வயதைத் தாண்டியும் தாண்டாத ஒரு பெண். பிள்ளைகளை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா? கேட்பதற்கு மேலதிகாரி இல்லை, தகவல் சொல்ல ஆள் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு ஜன்னலும் அடுப்பில் மிச்சமிருந்த எரிபொருளும்தான்.

மின்னி ஃப்ரீமன் என்ற ஆசிரியையின் பள்ளியில் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவர் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து ஒரு பண்ணை வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார், எல்லாரும் பிழைத்தார்கள். கயிற்றில் கட்டிக் கூட்டிப்போனார் என்ற கதை பரவியது, அது உண்மையா என்பதில் இன்றும் தகராறு. பத்திரிகைகள் அவரை வீராங்கனை ஆக்கின. அவர் பேரில் பாட்டு அச்சானது, தங்கக் கடிகாரம் வந்தது, முகம் தெரியாத ஆண்களிடமிருந்து கல்யாணம் கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. லோயிஸ் ராய்ஸ் என்ற இன்னொரு ஆசிரியைக்கு அடுப்பில் போட எதுவும் மிச்சமில்லாமல் போனது. மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தான் தங்கியிருந்த வீட்டுக்குக் கிளம்பினார். தூரம் மிகக் குறைவு. வழி தவறிவிட்டது. இரவெல்லாம் வெட்டவெளியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தார். மூன்று பேரும் இறந்தார்கள், அவர் இரண்டு பாதங்களையும் இழந்தார். இரண்டு பெண்களும் எடுத்தது ஏறத்தாழ ஒரே முடிவு. ஒருத்திக்குப் பாட்டு, இன்னொருத்திக்கு நிதி வசூல். கூரையும் எரிபொருளும் சரியாக இருந்திருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது என்பதை அன்றைய பத்திரிகைகள் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

இந்தக் கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆசிரியை கல்யாணமாகாதவள். அம்மாக்கள் பண்ணையில், வீட்டில். அவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை, மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் வேலை இருந்த இடமும் பிள்ளை இருந்த இடமும் ஒன்று. பனியால் பள்ளி மூடினால் பிள்ளை வீட்டில் இருக்கும், அம்மாவும் அங்கேதான் இருப்பாள். ஆசிரியை வேறு, அம்மா வேறு. இது தற்செயல் இல்லை, பிறகு விதியாகவே எழுதி வைத்தார்கள். பல பள்ளி வாரியங்கள் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை, வேலையில் இருப்பவருக்குக் கல்யாணமானால் அனுப்பிவிடுவார்கள். 1942இல்கூட மணமான பெண்களைப் புதிதாக எடுக்க மறுத்த பள்ளி மாவட்டங்கள் 87 விழுக்காடு என்று பொருளாதார வரலாற்றாசிரியர் கிளாடியா கோல்டின் பதிவு செய்கிறார். பத்தே ஆண்டுகளில் இந்த விதி பெருமளவு சரிந்தது. யாருக்கும் மனசு மாறியதால் அல்ல. பிள்ளைகள் பெருகினார்கள், ஆசிரியர் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் ஓராசிரியர் பள்ளியும் போய்க்கொண்டிருந்தது. 1930இல் அப்படிப்பட்ட பள்ளிகள் 1,49,000 இருந்தன, 1970இல் சுமார் 1,800. சின்னப் பள்ளிகளை மூடிவிட்டுப் பெரிய பள்ளியாகக் கட்டினார்கள், பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றினார்கள். 1939இல் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டி பஸ்ஸுக்கான விதிகளை வகுத்தார், அந்த மஞ்சள் நிறம் அங்கே முடிவானது. அதோடு பனி விடுமுறையின் கணக்கே மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு பள்ளியும் தன் ஜன்னலைப் பார்த்து முடிவெடுத்தது. இப்போது மாவட்டத்தில் மிக மோசமான சாலை எதுவோ, மலைவளைவில் கடைசி வீட்டுக்குப் போகும் மண்பாதை எதுவோ, அதுதான் எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வலி: ஆயிரம் வேலை முடிந்திருக்கும், ஒன்று முடியாததால் மொத்தமும் நிற்கும். நகரத்துக்குள் பள்ளியிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கும் பிள்ளையும் அன்று வீட்டில்.

*

வீட்டில் யார்?

இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் கேள்வியை அமெரிக்க அரசு ஒருமுறை நேராகச் சந்தித்தது. ஆண்கள் போருக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைக்குப் போக, லேன்ஹம் சட்டத்தின் பணத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்கள் நடந்தன. போர் முடிந்ததும் 1946இல் பணம் நின்றது. 1971இல் நாடு தழுவிய காப்பகத் திட்டம் ஒன்றை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று அதிபர் நிக்சன் தன் தடை அதிகாரத்தால் அதைத் திருப்பி அனுப்பினார். பிள்ளை வளர்ப்பு குடும்பத்தின் வேலை, அரசு அதில் நுழையக் கூடாது என்பது அவருடைய வாதம். ஆனால் அந்தக் குடும்பத்தில் அம்மாக்கள் ஏற்கெனவே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். 1975இல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரில் 47 விழுக்காடு வேலைச் சந்தையில் இருந்தார்கள், 2000இல் ஏறத்தாழ 73. காப்பகம் வேண்டாம் என்று முடிவான நாட்டில் காப்பகமாக மிஞ்சியது பள்ளி மட்டும்தான். யாரும் அதற்கு ஓட்டுப் போடவில்லை, சும்மா நடந்துவிட்டது.

இதற்கான முதல் பெரிய சோதனை கொலம்பஸில் நடந்தது. நான் இருந்த ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1977 ஜனவரி, வரலாறு காணாத குளிர். ஒஹையோ ஆறு உறைந்துபோய் சின்சினாட்டியில் மக்கள் ஆற்றின் மேல் நடந்தார்கள். இயற்கை எரிவாயு தட்டுப்பாடு வேறு. மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் எரிவாயுவுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்திருந்தது, ஆகவே டெக்சாஸ்காரர்கள் உள்ளூரிலேயே விற்றார்கள், வடக்கே குழாய் இளைத்தது. இருக்கிற வாயுவை யாருக்குக் கொடுப்பது? முதலில் வீடுகளுக்கு. தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் வெட்டு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் பஸ் டிரைவருக்கும் மளிகைக்கடை கல்லாவில் நிற்பவருக்கும் அன்றும் வேலை உண்டு. பிள்ளைகளைக் கதகதப்பான வீட்டுக்கு அனுப்பு என்ற முடிவுக்குள்ளே, அந்த வீட்டில் ஒரு ஆள் இருப்பார் என்ற நம்பிக்கை கேள்வியில்லாமல் உட்கார்ந்திருந்தது.

பிப்ரவரியில் கொலம்பஸ் பள்ளி மாவட்டம் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு எரிவாயுவில் சூடாகும் கட்டடங்களை மூடியது. பிள்ளைகள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். ஒரு மாதம் சும்மா விட முடியாது என்று கண்காணிப்பாளர் ஜான் எல்லிஸ் தரப்பு கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் 'பள்ளிகள் இல்லாத பள்ளி'. நிலக்கரியிலும் எண்ணெயிலும் மின்சாரத்திலும் சூடாகும் சில கட்டடங்கள் மட்டும் திறந்திருக்கும். பிள்ளைகள் முறைவைத்து வாரத்துக்கு ஒருநாள் அங்கே வந்து ஆசிரியரைப் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் டிவியில் பாடம், ரேடியோவில் பாடம், உள்ளூர் நாளிதழ்களில் அச்சான பாடம். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து கொரோனாவில் எல்லாரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசினார்களே, அது இங்கே டிவிப் பெட்டியிலும் செய்தித்தாளிலும் ஒருமுறை நடந்து முடிந்த கதை.

அந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு வியப்புதான். சில வாரங்களில் ஒரு நகரமே கைகோத்துக் கட்டியது அது. ஆனால் டிவியில் பாடம் ஓடும்போது ஏழு வயதுப் பிள்ளையை அதற்கு முன்னால் உட்கார வைப்பது யார்? வாரத்தில் ஒருநாள் வேறொரு கட்டடத்துக்கு வேறொரு நேரத்தில் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது யார்? ஆசிரியர்களும் விடுமுறையில் இல்லை. முன்பின் தெரியாத கட்டடத்தில், தன் கரும்பலகையும் அலமாரியும் இல்லாமல், வாரம் ஒருநாள் பார்க்கும் பிள்ளைக்கு மீதி நாட்களுக்கான வேலையைக் கொடுத்தாக வேண்டும். அவர்களில் பலர் இப்போது அம்மாக்கள். 1888இல் இரண்டு பெண்களாக இருந்தவர்கள் 1977இல் ஒரே பெண்ணாகிவிட்டார்கள். பள்ளி நாட்காட்டி மட்டும் பழைய கணக்கிலேயே நின்றது.

*

ஒஹையோ சட்டத்தில் இந்த விடுமுறைக்கு 'பேரிடர் நாள்' என்று பெயர் இருந்தது. வருஷத்துக்கு ஐந்து நாள் வரை மாநிலம் மன்னிக்கும், அதற்கு மேல் போனால் ஜூனில் ஈடுகட்ட வேண்டும். 2014-15 கல்வியாண்டிலிருந்து நாள் கணக்கு போய் மணிக்கணக்கு வந்தது. பள்ளிக்கு மன்னிப்புக் கணக்கு உண்டு. பெற்றோருக்கு? 1993இன் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது, அதுவும் சம்பளமில்லாமல், பிரசவத்துக்கும் கடும் நோய்க்கும். பள்ளி மூடியிருக்கிறது என்பது அதில் ஒரு காரணமே இல்லை. பள்ளி மூடினால் சம்பளத்தோடு விடுப்பு என்று நாடு தழுவிய சட்டம் ஒன்று வந்தது 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக மட்டும். அந்த டிசம்பர் 31ஓடு அந்தக் கட்டாயம் காலாவதியானது.

முழு விடுமுறையைவிட அந்த இரண்டு மணி நேரத் தாமதம்தான் கொடுமை என்று சொல்லாத பெற்றோரை நான் அங்கே பார்க்கவில்லை. முழு லீவு என்றால் ஒரு நாள் போனது, தெளிவு. தாமதம் என்றால் ஷிஃப்ட் ஏழுக்கு, பஸ் ஒன்பதரைக்கு. என்னைப் போன்ற கம்ப்யூட்டர் ஆட்களுக்கு மீட்டிங்கைத் தள்ளிவைத்தால் முடிந்தது. கிடங்கில் பெட்டி தூக்குபவருக்கு வருகைப் பதிவில் ஒரு கறுப்புப் புள்ளி, சில இடங்களில் அப்படி நாலு சேர்ந்தால் வேலை போகும். பள்ளிக்குள்ளேயே இந்தப் பிளவு உண்டு. ஆசிரியருக்கு மாதச் சம்பளம். கேன்டீனில் சமைப்பவருக்கும் பஸ் ஓட்டுபவருக்கும் பல மாவட்டங்களில் மணிக்கூலி, பனி விழுந்தால் கூலியும் இல்லை.

பாடம் கெட்டுப்போகிறதே என்ற கவலையைப் பற்றி ஒரு வார்த்தை. மாசசூசெட்ஸ் தரவுகளை வைத்து ஜோஷுவா குட்மன் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி மொத்தமாக மூடிய நாட்களால் தேர்வு மதிப்பெண் குறையவில்லை. ஆனால் பனியில் பள்ளி திறந்திருந்து, பிள்ளைகள் ஆங்காங்கே வராமல் போன நாட்கள் மதிப்பெண்ணைப் பாதித்தன. யோசித்தால் புரிகிறது. எல்லாரும் வராவிட்டால் ஆசிரியர் பாடத்தை நாளைக்குத் தள்ளுவார். பாதிப் பேர் வந்தால் இன்றும் எடுக்க வேண்டும், நாளைக்கும் எடுக்க வேண்டும். அந்த இரட்டை வேலையைப் பதிவு செய்ய எந்த ரிஜிஸ்டரும் கிடையாது.

*

எனக்கு அந்தத் தப்பான போன் வந்த அதே 2014 ஜனவரியில், 28ஆம் தேதி, அட்லாண்டாவில் இன்னொன்று நடந்தது. அதிகாலையிலேயே பனி எச்சரிக்கை வந்தும் பள்ளிகள் திறந்தன. மதிய வாக்கில் பனி விழத் தொடங்கியதும் பள்ளி, அரசு அலுவலகம், கம்பெனிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே விட்டன. விழுந்த பனி மொத்தமே ஆறரை சென்டிமீட்டர் சுமார். பனி பழகாத ஊர், சாலை கண்ணாடியாக உறைந்தது, உப்பு தூவும் லாரிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. பிள்ளையைக் கூப்பிடப் போன பெற்றோர், பிள்ளையை ஏற்றிய பஸ், வீட்டுக்குக் கிளம்பிய ஆசிரியர் என்று எல்லாரும் ஒரே சாலையில் நின்றார்கள். காரை நெடுஞ்சாலையில் அப்படியே விட்டுவிட்டு மைல்கணக்கில் நடந்தவர்கள் உண்டு. அட்லாண்டா வட்டாரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இரவைப் பள்ளியிலேயே கழித்தார்கள், பக்கத்து அலபாமாவில் பதினோராயிரத்துக்கும் மேல். ஜிம் பாயில் பிள்ளைகள் படுத்திருக்க, ஆசிரியர்கள் விழித்திருந்தார்கள், கேன்டீன்காரர்கள் இரவு உணவும் சமைத்தார்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் வேறெங்கோ வேறொரு ஜிம் பாயில். மின்னி ஃப்ரீமனுக்குக் கிடைத்த தங்கக் கடிகாரம் இவர்களில் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 13, நியூயார்க். கடும் பனி, ஆனால் மேயர் பில் டி பிளாசியோ பள்ளிகளை மூடவில்லை. பள்ளித் துறைத் தலைவர் கார்மென் ஃபரீன்யா வெளியே பொழுது அழகாக இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொல்லிவைக்க, ஊரே அவரைக் கிழித்தது. ஆசிரியர் சங்கம் கண்டித்தது. அன்று வந்த பிள்ளைகள் பாதிக்கும் குறைவு. நானும் அப்போது சிரித்தவன்தான். இப்போது அப்படி இல்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளையை விட வேறு இடமில்லை, பல பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைப்பதுதான் அன்றைய சாப்பாடு என்பது மேயர் சொன்ன காரணம். அது உண்மை. ஆசிரியர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வழுக்கும் சாலையில் வந்தார்கள் என்பதும் உண்மை. பெற்றோரின் நியாயத்தை ஆசிரியரின் தலையில் கட்டியதுதான் அன்று நடந்தது. வேறு எவர் தலையில் கட்டுவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2020க்குப் பிறகு நியூயார்க் இந்தச் சிக்கலை மடிக்கணினியால் தீர்க்கப் பார்த்தது. இனி பனி விடுமுறை இல்லை, வீட்டிலிருந்து வகுப்பு. 2024 பிப்ரவரி 13 அன்று அது சோதனைக்கு வந்தது. காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, அடையாளம் சரிபார்க்கும் அமைப்பு திணறி நின்றது. அது ஐபிஎம் நடத்தும் சேவை, பள்ளித் துறைத் தலைவர் டேவிட் பேங்க்ஸ் அவர்களைக் குற்றம் சொன்னார். சர்வர் ஏன் விழுந்தது என்று எங்கள் ஆட்கள் அன்று முழுக்க அலசினார்கள். நானும் அலசினேன், தொழில் புத்தி. சாயங்காலம்தான் வேறொன்று தோன்றியது. சர்வர் விழாமல் இருந்திருந்தால் மட்டும் என்ன? ஒரு ஆசிரியை சமையலறை மேசையிலிருந்து இருபத்தைந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், பக்கத்து அறையில் அவளுடைய ஆறு வயது மகளை அவளுடைய வகுப்புக்குள் நுழைத்துவிட வேண்டும், அதே நிமிஷத்தில்.

அந்தத் தப்பான போன் எனக்கு அடுத்த இரண்டு குளிர்காலமும் வந்தது. பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் எண்ணை எடுத்திருப்பார்கள். நான் போடவில்லை. ஐந்தரைக்கு அந்தக் குரல் ஓய்ந்ததும், மீட்டிங்கைப் பத்தரைக்கு மாற்றியிருக்கிறேன் என்று டீம் லீடுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வேன்.